வீடும் உடலும் தேறிய எட்டு மாதங்கள்

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரும் உடனிருப்போரும் மிகுந்த ஆவலோடு எதிர்நோக்குவது வீடு திரும்பும் நாளையே. பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோருக்கு அந்த நாள் மகிழ்ச்சியோடு ஒரு வியப்பையும் தருகிறது. ஆண்டுக்கணக்கில் பழகிய வீடு, நன்றாக நடமாடும் ஒருவருக்காகவே கட்டப்பட்டது என்பது அன்றுதான் கண்ணில் படுகிறது. எண்ணிப் பாராமல் தாண்டிய வாசற்படி தடையாகிறது. நீர் சிந்திய தரை அச்சமூட்டுகிறது. கதவின் அகலம் சக்கர நாற்காலிக்குப் போதவில்லை. உடல் தேற வேண்டிய அதே வேளையில் வீட்டையும் தேற்ற வேண்டியதாகிறது.

நாங்கள் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழும் தம்பதியர். சென்ற ஆண்டு தை மாதம் எங்களில் கணவருக்கு மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைப்பு ஏற்பட்டு, இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. மூன்று வாரம் இம்மருத்துவமனையில் தங்கியிருந்து மாசித் தொடக்கத்தில் வீடு திரும்பினோம். அன்று முதல் புரட்டாசி வரை எங்கள் சிறிய ஓட்டு வீட்டை நாங்களே சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்தோம். அந்த அனுபவம் இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று இச்செய்திமடல் குழுவினர் கேட்டுக்கொண்டதால் இதனை எழுதுகிறோம்.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கல்யாணம் பண்ணி 31 ஆண்டுகளுக்குப் பின்னர், மூன்று கைகளோடு வீட்டைக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது.

நாங்களே செய்யத் துணிந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வேலையை ஒப்பந்தமாக எடுக்க வந்தவர்கள், ஒரு மாதம் வீட்டைக் காலி செய்து தரும்படி கேட்டனர். நாள்தோறும் பயிற்சி செய்ய வேண்டிய ஒருவரை அழைத்துக்கொண்டு செல்வதற்கு எங்களுக்கு வேறிடம் இல்லை. இரண்டாவது காரணம், இயன்முறை மருத்துவர் கூறிய ஒரு சொல். வேலைகளில் சிலவற்றை ஏற்றபடி பிரித்துக்கொண்டால் அவையே பயிற்சியாகவும் அமையும் என்றார் அவர். அண்டை வீட்டில் வாழும் முதிய கொத்தனார் ஒருவர் கடினமான பணிகளைத் தாம் செய்து தருவதாகவும், மற்றவற்றுக்கு வழி சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார். ஓர் இடம் முடிந்த பின்னரே அடுத்த இடத்தைத் தொடுவது என்ற முடிவோடு தொடங்கினோம்.

வீட்டை அளந்த வாரம்

முதல் வாரம் முழுவதும் எதையும் இடிக்கவில்லை, அளந்தோம். கணவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து குறிப்பேட்டைப் பிடித்துக்கொள்ள, மனைவி நாடாவைப் பிடித்தார். இயன்முறை மருத்துவர் தந்த அளவுகள் எங்களிடம் இருந்தன. சக்கர நாற்காலி இடிபடாமல் செல்லக் கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றடி இருப்பது நலம். சாய்தளம் அமைப்பதானால் ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். அதனினும் செங்குத்தாக அமைத்தால் ஏற்றுவதற்குத் தள்ளுபவரின் வலிமை போதாது. இறக்கும்போது நாற்காலி கையைவிட்டு ஓடிவிடும்.

எங்கள் வீட்டின் தெருவாசலில் மூன்று படிகள். மொத்த உயரம் 18 அங்குலம். கணக்குப்படி அங்கே சாய்தளத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். வாசலுக்கும் தெருவுக்கும் இடையே அவ்வளவு இடமில்லை. கொல்லைப்புற வாசலின் உயரமோ 6 அங்குலமே. அங்கே ஆறடிச் சாய்தளம் போதும். கழிவறையும் குளியலறையும் கொல்லையில்தான் உள்ளன. ஆகவே கொல்லை வாசலில் சாய்தளம், தெருவாசலில் படிகளுக்குக் கைப்பிடி என்று முடிவு செய்தோம்.

கைப்பிடியைப் பற்றி நாங்கள் அறிந்துகொண்ட ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். படிக்கு ஒருபுறம் கைப்பிடி இருந்தால் போதும் என்றே பலரும் எண்ணுவர். கணவருக்கு வலக்கையே வலுவான கை. ஏறும்போது வலப்புறம் இருக்கும் கைப்பிடி, இறங்கத் திரும்பியதும் இடப்புறத்துக்குப் போய்விடுகிறது. பற்றிக்கொள்ள வேண்டிய கைக்கு அப்போது பிடிப்பில்லை. ஆதலால் ஒரு பக்கம் வலுவிழந்தவருக்கு இருபுறமும் கைப்பிடி இன்றியமையாதது.

அளந்து முடித்ததும் வேலைகளை வரிசைப்படுத்தினோம். முதலாவது, கழிவறையும் அங்குச் செல்லும் வழியும். இரண்டாவது, படுக்கையறை. மூன்றாவது, தெருவாசல். அழகுக்கான வேலைகள் யாவும் கடைசி. செலவே இல்லாத வேலைகளை அந்த வாரமே செய்து முடித்தோம். கால் தடுக்கும் மிதியடிகளையும் தரைவிரிப்பையும் எடுத்துவிட்டோம். கட்டிலுக்கு அருகே இரவு விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு மாற்றினோம்.

அவசரமும் நோயின் ஒரு கூறு

இடப்பக்கம் செயலிழந்தோரின் குடும்பத்தார் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலரிடம் செயலில் விரைவும், ஆபத்தைக் குறைவாக மதிப்பிடும் போக்கும் காணப்படும். தம்மால் இயலாது என்பதை உணராமலே எழுந்து நிற்க முயல்வர். இடப்பக்கத்தில் உள்ள பொருள்களும் அவர்களின் கவனத்துக்கு வராமல் போகலாம். கண் பார்க்கும், ஆயினும் மூளை அப்பக்கத்தைப் பொருட்படுத்தாது. இது பிடிவாதமும் அன்று, அலட்சியமும் அன்று. நோயின் ஒரு கூறு என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். இயல்பிலேயே நிதானமான கணவர், வீடு திரும்பிய பின்னர் எதற்கெடுத்தாலும் விரைந்து எழ முயன்றதன் காரணம் அப்போது எங்கள் இருவருக்கும் விளங்கியது. மனத்தில் இருந்த சினமும் பெருமளவு தணிந்தது.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பதை அறிவுரையாகச் சொல்வது எளிது. மூளை பாதிக்கப்பட்டவருக்கு அதனைப் பழக்கமாக்க வேண்டும். சிகிச்சையாளரின் வழிகாட்டுதலின்படி, எச்செயலையும் தொடங்குமுன் அதன் படிகளை வாய்விட்டுச் சொல்லும் முறையைக் கைக்கொண்டோம். “நாற்காலியின் தடையைப் போடுகிறேன். இரண்டு பாதமும் தரையில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். முன்னே சாய்கிறேன். எழுகிறேன்.” ஒவ்வொரு முறையும் இவ்வாறு சொல்லிவிட்டே எழுவது என்று வகுத்துக்கொண்டோம். மனைவியும் தம் வேலைகளை அவ்வாறே சொல்லிச் செய்தார். “ஆணியை எடுக்கிறேன். ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறேன். அடிக்கிறேன்.” இருவரும் சொல்லிச் செய்ததால் ஒருவர் மட்டும் நோயாளி என்ற எண்ணம் எழவில்லை.

இடப்பக்கத்தைக் கவனிக்கப் பழக்குவதற்கு வீடே துணைசெய்தது. கதவு நிலைகளின் இடப்புற ஓரத்திலும், பின்னர்ச் சாய்தளத்தின் இடப்புற ஓரத்திலும் பளிச்சென்ற சிவப்புக் கோடு தீட்டினோம். அந்தக் கோட்டைக் கண்ணால் தேடிக் கண்டபிறகே அடியெடுத்து வைக்க வேண்டும். திரும்பும்போது இடப்புறம் மாறிவிடுமாதலால் மறு ஓரத்துக்கும் அதே கோடு தேவைப்பட்டது. உறவினர் சிலர் வீட்டின் அழகு கெடுகிறதே என்றனர். விழாமல் நடப்பதே இப்போதைக்கு இவ்வீட்டின் அழகு என்று விடையளித்தோம்.

சிமெண்டுக்கு நீர் வார்த்த நாட்கள்

கழிவறைக் கதவை மூன்றடியாக அகலப்படுத்தி, உள்ளே சொரசொரப்பான தரையோடு பதித்து, பிடிமானக் கம்பிகளைப் பொருத்துவதற்கு மாசி மாதம் முழுவதும் சென்றது. கம்பி பொருத்துவதில் கொத்தனார் காட்டிய கவனம் குறிப்பிடத்தக்கது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சாதாரணத் திருகாணி பிடிக்காது. சுவரின் மறுபுறம் வரை துளையிட்டு, அங்கே இரும்புத் தகடு வைத்து, மரையாணியால் முடுக்கினார். பிறகு தம் முழு எடையையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்த பின்னரே, “தம்பி, இனி நீங்க பிடிக்கலாம்” என்றார்.

பங்குனியில் சாய்தளம் போடப்பட்டது. கலவையைக் கொத்தனார் கொட்டிச் சமன்செய்ய, வழுக்காதிருக்கும் பொருட்டு மேற்பரப்பில் துடைப்பத்தால் மனைவி குறுக்குக் கோடுகள் இழுத்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது. மறுநாள் காலை அது கல்லைப் போலவே தோன்றியது. ஆயினும் கொத்தனார் அதன்மீது யாரையும் ஏறவிடவில்லை. நாற்புறமும் மண்ணால் வரம்பு கட்டி, சாக்கைப் பரப்பி நனைத்துவிட்டு, “இந்த வெயிலுக்குப் பதினாலு நாள் தண்ணி காட்டணும்மா” என்றார்.

அந்த 14 நாட்கள் எங்களுக்கு எளியவையாக இல்லை. சாய்தளம் பயனுக்கு வரும்வரை கணவர் படுக்கையறையில் வைத்த கழிப்பு நாற்காலியையே பயன்படுத்த வேண்டியிருந்தது. அது அவருக்கு நோயினும் பெரிய துன்பமாக இருந்தது. “என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆகிவிட்டேன், அதுவும் பிறர் முகம் சுளிக்கும் விருந்தாளி” என்று ஒருநாள் இரவு அவர் சொன்னார். அதற்கு மறுமொழி கூற மனைவியால் இயலவில்லை. கண்ணுக்கு எதிரே முடிந்து கிடக்கும் வழியில் இறங்கக் கூடாது என்பது பெரிய சோதனையே. ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டோம்.

சிமெண்ட் உலர்ந்து இறுகுவதாகவே நம்மில் பலர் கருதுகிறோம். உண்மையில் அது நீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. வெயிலில் காயவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். மேற்பரப்பு வெடித்துப் பொடியும். ஈரம் நிலைத்திருந்தால் ஒவ்வொரு நாளும் வலு கூடும். முதல் வாரத்தில் வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் கூடும். முழு வலுவைக் கணக்கிடும் நாள் 28 ஆம் நாளே. இதனை நீராற்றுதல் என்பர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் வேறுபாடு தெரியாது. வேலையோ உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

நீர் வார்க்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். காலையும் மாலையும் கொல்லை வாசலில் நாற்காலியை நிறுத்தி, தடையைப் போட்டு, வாளியிலிருந்து குவளையால் மொண்டு சாக்கின்மீது ஊற்றுவார். மூன்றாம் நாள் முதல் மனைவி இடப்பக்கம் நின்று தாங்க, எழுந்து நின்றவாறே ஊற்றத் தொடங்கினார். முதலில் மூன்று குவளை ஊற்றும் நேரம் நிற்க முடிந்தது. பதினான்காம் நாள் ஒரு வாளி முழுவதையும் நின்றவாறே ஊற்றினார். நிற்கும் பயிற்சி என்று சொல்லியிருந்தால் அவ்வளவு நேரம் நின்றிருப்பாரா என்பது ஐயமே. தம் கையால் வலுவேறிய அந்தச் சாய்தளத்தின் வழியே கழிவறைக்குச் சென்ற அன்று, கழிப்பு நாற்காலியைக் கழுவித் துடைத்துப் பரண்மீது ஏற்றினோம்.

உப்புத்தாளும் இடக்கையும்

தெருவாசலின் நிலைப்படி நான்கு அங்குல உயரம். அதனைச் செதுக்கி எடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை கூறினர். மஞ்சள் பூசிக் கோலமிட்டு வந்த படியை வெட்ட எங்களுக்கு மனம் இசையவில்லை. மாற்றுவழி ஒன்று கண்டோம். படியின் இருபுறமும் இரண்டங்குல உயரமுள்ள அகன்ற மரப்பலகை மேடைகளை வைத்தால், ஒரே உயரம் இரண்டாகப் பகுபடும். முன்பாதம் தொங்கும் நிலையில் உள்ளவருக்கு நான்கு அங்குலம் தூக்குவது கடினம். கணுக்கால் தாங்கி அணிந்துகொண்டு இரண்டு அங்குலம் தூக்குவது இயலும்.

கொல்லையில் வெட்டி வைத்திருந்த பூவரச மரம் அதற்குப் பயன்பட்டது. அறுப்பதும் இழைப்புளியால் இழைப்பதும் தச்சர் செய்தார். தேய்த்து மெருகேற்றுவது எங்கள் பங்கு. ஒரு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, அதன்மேல் கணவரின் இடக்கையை வைத்து, அந்தக் கையின்மேல் அவருடைய வலக்கையை வைத்து, முன்னும் பின்னும் தேய்ப்பது வழக்கமாயிற்று. கைக்குப் பயிற்சி தருவதற்காகச் சிகிச்சைக் கூடங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் முறையே இது. மூளையில் புதிய இணைப்புகள் உருவாவதற்குப் பொருளுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது துணைபுரிகிறது என்று இயன்முறை மருத்துவர் கூறினார். முதல்நாள் பத்து முறை தேய்த்ததும் களைப்பு மேலிட்டது. பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சோம்பல் அன்று. ஓய்வெடுத்தே தொடர வேண்டும். ஆனி முடிவில் நூறு முறை வரை தேய்க்க முடிந்தது. முதலில் வலக்கை இழுத்த இழுப்புக்கே சென்ற இடக்கை, பின்னர்த் தானும் சிறிது தள்ளுவதை இருவரும் உணர்ந்தோம்.

இந்த வேலையில் பொறுமை கூடுதலாகத் தேவைப்பட்டது உடனிருந்தவருக்கே. மனைவி தனியே செய்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் பலகை, கணவர் கையில் ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. ஒரு திருகாணியை முடுக்க கால்மணி நேரம் ஆனது. பக்கத்தில் இருப்பவருக்குக் கை துடிக்கத்தான் செய்யும். அந்தத் துடிப்பை அடக்க மனைவி ஒரு வழி கண்டார். கணவர் தேய்க்கும் நேரத்தில் எதிரே அமர்ந்து கீரை ஆய்வார், அல்லது பூத் தொடுப்பார். கைக்கு வேறு வேலை இருந்ததால் பறித்துச் செய்யும் எண்ணம் எழவில்லை. அவராகக் கேட்டால் உதவுவது, கேட்கும்வரை காத்திருப்பது என்ற உடன்பாடு அந்த நாட்களில் எங்களிடையே உறுதிப்பட்டது. சட்டைப் பொத்தான் போடுவதிலும் சோறு பிசைவதிலும் அதே உடன்பாட்டைக் கடைப்பிடித்தோம்.

தேங்கி நின்ற மாதங்கள்

பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன்பின் வேகம் குறையும். எங்களுக்கு அது வைகாசியில் நேர்ந்தது. வாரந்தோறும் புதிதாக ஒன்றைச் செய்துவந்த கால், நின்ற இடத்திலேயே நின்றது. இனி இவ்வளவுதானோ என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் நாட்களைக் கடத்தினோம்.

அப்போது நாங்கள் சுவர் வேலையில் இருந்தோம். படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்திருந்தது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கும் என்று கொத்தனார் எச்சரித்தார். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது. நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்து, மெல்லிய பூச்சாக மனைவி பூசினார். ஒரு பூச்சு இறுகச் சில நாட்கள், அதன்மேல் மற்றொன்று, பின்னும் சில நாட்கள். சிமெண்டைப் போலன்றிச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. மேற்பரப்பு இறுகிய பின்னரும் உள்ளே அந்த மாற்றம் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தொடரும்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது எங்கள் அச்சத்தை மருத்துவரிடம் மனம்விட்டுச் சொன்னோம். முன்னேற்றத்தின் வேகம் குறைவதும் அது நின்றுபோவதும் ஒன்றல்ல என்றும், பயிற்சியைத் தொடர்வோருக்கு மாதங்களும் ஆண்டுகளும் கடந்த பின்னரும் சிறு சிறு மேம்பாடுகள் உண்டாகலாம் என்றும் அவர் கூறினார். முழுமையாகப் பழைய நிலை திரும்பும் என்று அவர் உறுதி கூறவில்லை. அந்த நேர்மையே எங்களுக்கு ஆறுதலளித்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் சுவரைத் தொட்டுப் பார்த்து, “இதற்கும் இன்னும் நாள் இருக்கிறது” என்றார். அந்த மாதம் முதல் குறிப்பேட்டில் புதிய வழக்கம் ஒன்றைத் தொடங்கினோம். நேற்றோடு இன்றை ஒப்பிடாமல், மாத முதல் தேதியில் மட்டும் அளந்து எழுதினோம். கட்டிலிலிருந்து கூடம் வரை நடக்க எத்தனை அடி, எத்தனை முறை நின்றோம் என்பவையே அளவுகள். வைகாசிக்கும் ஆனிக்கும் வேறுபாடில்லை. ஆனிக்கும் ஆவணிக்கும் இருந்தது.

வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் வசதியும் அக்காலத்தில் பேருதவியாக இருந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் இல்லம் தேடி வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதனைக் கேட்டறியலாம்.

நாங்கள் தொடாத வேலைகள்

நாங்களே செய்தோம் என்று எழுதும்போது, எவற்றை நாங்கள் செய்யவில்லை என்பதையும் சொல்வது கடமை. மின்சார வேலை முழுவதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தார். ஏணிமேல் ஏற வேண்டிய வேலைகளும் ஓடு மாற்றுவதும் கொத்தனாரின் ஆட்களுக்கு உரியவை. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ எடை. பராமரிப்பவரின் முதுகு பழுதானால் வீட்டில் இரு நோயாளிகள் ஆவர் என்பதால், சிமெண்டையும் மணலையும் சிறு சட்டிகளில் மட்டுமே மனைவி எடுத்துச் சென்றார். கனமான பொருளை மூச்சைப் பிடித்துத் தூக்குவது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே கணவருக்குத் தூக்கும் வேலை எதுவும் இல்லை.

ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் தோலை அரிக்கும் காரத்தன்மை உடையவை. உணர்ச்சி குறைந்த கையில் புண் ஏற்படுவதுகூடத் தெரியாமல் போகலாம். கணவரின் இடக்கையை அவற்றின் அருகே கொண்டுசெல்லவே இல்லை. மனைவி கையுறை அணிந்தே பூசினார். சுவரையும் சிமெண்டையும் சுரண்டும்போது எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. ஆதலால் நீர் தெளித்தே சுரண்டினோம், முகக்கவசமும் அணிந்தோம். பழைய கதவுகளின் வண்ணப்பூச்சை நாங்கள் தேய்க்கவில்லை. வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதன் தூசி சிறப்பாகக் குழந்தைகளுக்குக் கேடானது.

மருந்து வேளைகள், ஓய்வு வேளைகள் ஆகியவற்றை எந்த வேலைக்காகவும் தள்ளிவைப்பதில்லை என்பதை முதல் விதியாகக் கொண்டிருந்தோம். கணவர் எழுந்து நிற்க உதவும் எவரும் அவருடைய இடக்கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று வேலைக்கு வந்தோர் அனைவரிடமும் சொல்லிவைத்தோம். தசை வலுவிழந்த தோள் மூட்டு எளிதில் விலகிவிடும். அன்பினால் நீளும் கைக்கும் அந்த எச்சரிக்கை தேவை.

இன்றைய நிலை

புரட்டாசியில் வெள்ளையடித்து முடித்தோம். அடைமழை தொடங்குமுன் வேலை நிறைவுற்றது. தெருவாசலின் இருபுறமும் கைப்பிடிகள் நிற்கின்றன. ஏறுகையில் வலுவுள்ள கால் முன்னே, இறங்குகையில் வலுவிழந்த கால் முன்னே என்று வாய்விட்டுச் சொல்லியவாறு கணவர் நாள்தோறும் மூன்று படிகளையும் இறங்கித் தெருமுனை வரை நடந்து வருகிறார். மனைவி இரண்டடி பின்னே, இடப்புறமாக வருகிறார். இடக்கை விரல்கள் இன்னும் முழுமையாக விரியவில்லை. குவளையைப் பிடிக்கின்றன, பொத்தானைப் பிடிப்பதில்லை. சட்டை அணிய இன்றும் வெகுநேரம் ஆகிறது. அந்த நேரத்தைக் கணக்கிட்டே புறப்படும் வேளையை இப்போது வகுத்துக்கொள்கிறோம்.

எல்லோரும் வீட்டை இடித்துக் கட்ட வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. வாடகை வீட்டில் வாழ்வோருக்கு அது இயலவும் இயலாது. இரவு விளக்கும், மிதியடியை அகற்றுவதும், வாசற்படி ஓரத்தில் ஒரு வண்ணக் கோடும் எந்த வீட்டிலும் இயலும். வீடு திரும்பும் நாள் குறிக்கப்பட்டதும், கதவுகளின் அகலத்தையும் படிகளின் உயரத்தையும் கட்டிலின் உயரத்தையும் அளந்து, கழிவறையைப் படமெடுத்து, இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று அவர் சொல்வார். அந்த ஒன்றை முதலில் செய்யுங்கள். மற்றவற்றை, நலம் பெற்று வருபவர் தம் கையாலும் சிறிது செய்யும்படி, அவருடைய வேகத்துக்கு விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் சமையலறை மேடை ஒன்று மீதமிருக்கிறது. அமர்ந்தவாறு காய் நறுக்க ஏற்றபடி அதன் உயரத்தைக் குறைக்க வேண்டும். தை பிறந்ததும் தொடங்கலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். அளவுகளைக் கணவர் குறித்து வைத்துவிட்டார்.